நெட் வருவதற்கு முன் கம்ப்யூட்டரைக் கவனியுங்கள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைப்பவன் நான். ஒரு தெருவில் புதிதாக ஃபைபர் இழுக்கிறார்கள் என்றால், கொஞ்ச நாளிலேயே அந்தத் தெருவிலிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், 100 எம்பி பிளான் போட்டிருக்கோம். யூடியூப் கூட சுத்திக்கிட்டே நிக்குது. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?" பெரும்பாலும் இதுதான் கேள்வி. போய்ப் பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கிற பெட்டி வரைக்கும் 100 எம்பி ஒழுங்காக வந்து நிற்கும். அங்கிருந்து மேசைக்கு வருகிற பத்தடியில் பாதி தொலைந்திருக்கும். மிச்சத்தை கம்ப்யூட்டரே தின்றிருக்கும்.

லைன் போடுவதற்கு நாள் குறித்துவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பிளானைப் பற்றி யோசித்த நேரத்தில் பாதியை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுங்கள். லைன் வந்த பிறகு செய்தால் சிரமம், முன்பே செய்தால் சுலபம் என்கிற வேலைகள் சில இருக்கின்றன. நான் எந்த வரிசையில் செய்கிறேனோ அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதல் வேலை பேக்கப்

கல்யாண போட்டோ, பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், பத்திர நகல், வருமான வரிக் கணக்கு. இவை பல வீடுகளில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. நெட் இல்லாத கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் பழுதாவதுதான் பெரிய ஆபத்து. நெட் வந்துவிட்டால் ரான்சம்வேரும் சேர்ந்துகொள்கிறது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல் அது.

ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி முக்கியமான ஃபோல்டர்களை நகலெடுங்கள். எடுத்தவுடன் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியபடியே விட்டுவைத்த டிஸ்க் பேக்கப் ஆகாது. கம்ப்யூட்டருக்குள் நுழைந்த வைரஸ் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். நகலெடுத்த பிறகு நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். டிஸ்க் நிரம்பி நகல் பாதியில் நின்றது தெரியாமலே பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

விண்டோஸ் எந்தக் காலத்தது?

அடுத்து, உள்ளே இருக்கிற விண்டோஸைப் பார்க்க வேண்டும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.

"ஓடத்தானே செய்யுது, எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பார்கள். ஓடும்தான். ஆனால் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆளில்லை. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியது. எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். எக்ஸ்பி போட்ட கம்ப்யூட்டர் நெட்டில் இணைந்திருந்தாலே போதும், தானாக உள்ளே வந்துவிடும். 60 வினாடியில் சிஸ்டம் அணைந்துவிடும் என்ற அறிவிப்பு வந்து மெஷின் மறுபடி மறுபடி ஸ்டார்ட் ஆகும். அந்த ஓட்டைக்கான அப்டேட் ஒரு மாதம் முன்பே வந்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற ரான்சம்வேர் வந்தபோதும் இதே கதைதான்: அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன.

2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் நம் ஊர்களுக்கு வந்த புதிதில், பல வீடுகளில் மோடம் பிரிட்ஜ் மோடில் இருக்கும். கம்ப்யூட்டரே டயல் செய்து நேரடியாக இணையத்தின் முன் நிற்கும். இன்று ரவுட்டர் குறுக்கே நிற்பதால் வெளியிலிருந்து நேராக உள்ளே வருவது கடினம். ஆனால் அதே ரவுட்டரில் வீட்டிலுள்ள எல்லா போனும், டிவியும், கேமராவும், விருந்தாளியின் லேப்டாப்பும் இணைகின்றன. அவற்றில் ஒன்று கெட்டால், அப்டேட் இல்லாத கம்ப்யூட்டர்தான் முதலில் அடிவாங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸர், டிபிஎம் 2.0 (TPM) பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். சுகமாக ஓட 8 ஜிபி வேண்டும். அதைவிடப் பழைய மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட் போடச் சொல்கிறேன். பிரௌசர், மெயில், வீடியோ, லிப்ரே ஆபீஸ், தமிழ் டைப்பிங் எல்லாம் அதில் உண்டு, காசும் கிடையாது. டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மட்டும் வேறு மெஷின் பார்க்க வேண்டியதுதான்.

கிராக் செய்த விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஆக்டிவேட் செய்கிற அந்தக் குட்டி புரோகிராம், ஓடுவதற்கு முன் "ஆன்ட்டி வைரஸை ஆஃப் செய்" என்று கேட்கும். ஏன் கேட்கிறது என்று யோசித்தாலே போதும். அந்த மெஷினில் பேங்க் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள்.

தேதியைப் பாருங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. புது லைன், புது ரவுட்டர். போனில் எல்லாம் பறக்கிறது. கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பாக எச்சரிக்கை. லைன் போட்டவர் வந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்று சொல்லிப் போயிருந்தார்.

நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2009 என்று இருந்தது.

"சார், ராத்திரி மெயின் சுவிட்சை அணைச்சிடுவீங்களா?"

"ஆமாம் தம்பி, எதுக்கு வீணா கரன்ட்?"

விஷயம் அவ்வளவுதான். மதர்போர்டில் வட்டமாக, நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்துவிட்டால், கரன்ட் போனதும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து பழைய வருடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு வலைத்தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டுகிறது; அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். 2009-இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் மறுத்துவிடுகிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கிற பேட்டரியை மாற்றினேன், தேதியைச் சரி செய்தேன், எல்லாத் தளமும் திறந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டிய செலவு மிச்சம்.

பல வருடம் மூடி வைத்திருந்த கம்ப்யூட்டரை நெட்டுக்காக மறுபடி எடுப்பவர்கள், இந்த பேட்டரியை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிரௌசரையும் பாருங்கள். 2023 தொடக்கத்திலிருந்து புதிய குரோம் பதிப்புகள் விண்டோஸ் 7-இல் ஏறுவதில்லை. பழைய பிரௌசரில் பல தளங்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. பழி லைன் மேல் விழும்.

லேன் போர்ட்டும் வயரும்

பிளானில் எழுதியிருக்கிற எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. நாம் ஃபைல் அளவைப் பார்ப்பது பைட் கணக்கில். எட்டு பிட் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் லைனில் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பி. ஒரு ஜிபி படம் இறங்க ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் ஆகும். இது தெரியாமல் "100 போட்டேன், 12 தான் வருது" என்று சண்டை போடுகிறவர்கள் ஏராளம்.

பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 300 எம்பி பிளான் எடுத்தாலும் அந்த மெஷினுக்கு 100-க்கு மேல் ஏறாது. வயரை மாட்டிவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு தெரியும். 1000/1000 என்று இருந்தால் ஜிகாபிட். 100/100 என்று இருந்தால் பெரும்பாலும் போர்ட் பழசு, அல்லது வயர் சரியில்லை.

வயர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும்: ஆரஞ்சும் பச்சையும். ஜிகாபிட் ஓட நீலம், பிரவுன் உட்பட நான்கும் வேண்டும். கனெக்டர் கிரிம்ப் செய்யும்போது பிரவுன் கம்பி ஒன்று சரியாகக் கடிபடவில்லை என்றாலோ, மேசைக்குப் பின்னால் எலி ஒரு கம்பியைக் கடித்திருந்தாலோ, லைட் எரியும், நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. வேகம் மட்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி நிற்கும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிற கேட் 6 பேட்ச் கார்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். போர்ட் பழசு என்றால் யூஎஸ்பி 3 போர்ட்டில் மாட்டும் ஜிகாபிட் அடாப்டர் வாங்கலாம். டெஸ்க்டாப்பாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டும் போடலாம்.

வைஃபை என்றால்

டெஸ்க்டாப் ஒரே இடத்தில் இருக்கிற பொருள். அதற்கு வயர்தான் சரி. முடியவே முடியாது என்றால் மட்டும் வைஃபை. பழைய யூஎஸ்பி டாங்கிள்களின் அட்டையில் 150 என்று போட்டிருக்கும். கைக்கு அதில் பாதிகூட வராது. அவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே பிடிக்கும். பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என்று எல்லாமும் நெருக்கியடிக்கிற இடம் அது. 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் டூயல் பேண்ட் டாங்கிள் வாங்குங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவரில் அது ஒரு அறை தாண்டினாலே திணறும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்தால் எந்த அலையும் திணறும்.

மெதுவாக இருப்பது நெட்டா, டிஸ்க்கா?

லைன் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளக் கூடியது இது. கம்ப்யூட்டரை ஆன் செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற பத்தி எதுவும் செய்யாமலே வெகுநேரம் 100 சதவீதத்தில் நின்றால், உங்கள் மெஷின் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். என்ன பிளான் போட்டாலும் பிரௌசர் திறக்க நேரம் எடுக்கும். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் அதே மெஷின் ஆளே மாறிவிடும். மெமரி பத்தி எப்போதும் 90-க்கு மேல் என்றால் ராம் கூட்ட வேண்டும். ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், மெஷின் எழும்போதே சேர்ந்து எழுகிற தேவையற்ற புரோகிராம்களை நிறுத்துங்கள். இரண்டு ஆன்ட்டி வைரஸ் இருந்தால் ஒன்றைத் தூக்குங்கள். விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரும் ஃபயர்வாலும் ஆனில் இருந்தால் வீட்டுக்குப் போதும்.

அப்புறம், நெட் வந்த முதல் நாளே ஸ்பீடு டெஸ்ட் போட்டு முடிவுக்கு வராதீர்கள். வெகுநாள் தூங்கிய கம்ப்யூட்டர் முதல் நாளில் ஜிபி கணக்கில் அப்டேட்டை இழுத்துக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க ஆனில் விட்டு, அப்டேட் எல்லாம் முடிந்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகு, வயரில் மாட்டி டெஸ்ட் போடுங்கள். அதுதான் கம்பெனியிடம் காட்டிக் கேட்கத்தக்க கணக்கு.

லைன்காரர் வரும் நாள்

பெட்டியை எங்கே மாட்டுவது என்று அவர் முடிவு செய்வதற்கு முன் நீங்கள் முடிவு செய்யுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் மாட்டுவது அவருக்குச் சுலபம். கம்ப்யூட்டர் கொல்லைப்புற அறையில் இருந்தால் உங்களுக்குத் தொல்லை. கம்ப்யூட்டருக்கு அருகில், பிளக் பாயின்ட் இருக்கிற இடமாகப் பார்த்து வைத்திருங்கள்.

ஃபைபரை ஆணியில் மடக்கித் தொங்கவிட அனுமதிக்காதீர்கள். உள்ளே கண்ணாடி இழை. கூர்மையாக மடங்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். மீதி நீளத்தை அகலமான வளையமாகச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். அவரிடம் பவர் மீட்டர் இருந்தால் அளவு கேளுங்கள். ஒளியின் வலிமை டிபிஎம் (dBm) கணக்கில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ எட்டினால் மழைக்காலத்தில் லைன் விட்டு விட்டுத்தான் வரும். அந்த அளவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பிற்பாடு புகார் செய்யும்போது உதவும். ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வருகிற லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பெட்டியின் விளக்குகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். பிஓஎன் பச்சையாக நிலையாக எரிய வேண்டும். எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அப்போது கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், புகார் மட்டும் கொடுங்கள். எல்ஓஎஸ் எரிந்துகொண்டிருக்க, விண்டோஸை அழித்து மறுபடி போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மின்னலும் கரன்ட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் என் கடைக்கு லேன் போர்ட் எரிந்த கம்ப்யூட்டர்கள் வரும். சில கேபிள் ஆபரேட்டர்கள் தெருக் கம்பத்தில் சுவிட்ச் வைத்து, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பியான லேன் கேபிளையே நேராக இழுத்துவிடுகிறார்கள். மின்னல் பக்கத்தில் எங்கோ விழுந்தாலும், அந்தக் கேபிளில் பாய்கிற மின்சாரம் போர்ட்டையும் சில சமயம் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். உங்கள் வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் கேபிளா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. லேன் கேபிள்தான் என்றால் கம்ப்யூட்டரில் நேராக மாட்டாமல் நடுவில் ஒரு ரவுட்டர் வையுங்கள். எரிந்தாலும் முதலில் அது எரியும். இடி இடிக்கும்போது வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்பதும் ஃபைபரா, லேன் கேபிளா என்ற இதே கேள்வியில் அடங்கும். ஃபைபர் லைனில் தெருவில் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட்டே வேண்டாம். உங்கள் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால், தெருவே இருட்டானாலும் பெரும்பாலும் நெட் வரும். கம்பத்தில் சுவிட்ச் வைத்த லைனில், அந்தச் சுவிட்சுக்கு பேட்டரி இல்லையென்றால் தெருவில் கரன்ட் போனதும் நெட்டும் போகும்.

பூட்டும் சாவியும்

லைன்காரர் போனவுடன், அன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அட்மின், அட்மின் என்று இருந்தால் அது பூட்டே இல்லை. வைஃபை பாஸ்வேர்டு போன் நம்பராக இருந்தால் அதையும் மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று தெரு முழுக்க ஒரே பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் தினசரி வேலைக்கும் பிள்ளைகளுக்கும் அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுன்ட் உருவாக்குங்கள். இலவச கேம் என்று எதையாவது இறக்கினாலும், பெரும்பாலும் அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அதற்குள் நீங்கள் தலையிட முடியும்.

லைன் வந்த சில நாளில் "பிராட்பேண்ட் ஆபீஸிலிருந்து பேசுறோம், கேஒய்சி அப்டேட் பண்ணணும், ஒரு ஆப் இறக்குங்க" என்று போன் வரலாம். உங்கள் திரையை அவர்கள் கையில் கொடுக்கிற ஆப் அது. எந்தக் கம்பெனியும் லைன் சரி பார்க்க உங்கள் பேங்க் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இந்த எண்ணை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

எதற்குச் செலவு செய்வது?

விளம்பரத்தில் போடுகிற பிளான் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதை நினைவில் வையுங்கள். 'அன்லிமிடெட்' என்றாலும் மாதத்துக்கு இவ்வளவு ஜிபி என்று ஒரு எல்லை இருக்கும், அதைத் தாண்டினால் வேகம் குறையும். அந்த எல்லையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நான்கு பேர் இருக்கிற வீட்டில் ஆன்லைன் வகுப்பு, வீடியோ கால், படம் எல்லாவற்றுக்கும் 100 எம்பிபிஎஸ் தாராளம்.

கையிலிருக்கிற பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் தீர்ப்பு இது: 300 எம்பி பிளானை விட்டுவிட்டு 100 எம்பி எடுங்கள். மிச்சமாகிற பணத்தில் பழைய மெஷினுக்கு ஒரு எஸ்எஸ்டியும் நல்ல லேன் கேபிளும் வாங்கிப் போடுங்கள். பிளானை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம்.